அசுர ராஜாமேல் ஒரு வாளி மணல்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் நான் மேடை ஏறியிருக்கிறேன். யாரும் கூப்பிட்டு ஏறவில்லை. ஏறிய பிறகு இறங்கச் சொல்லவும் அங்கே யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டில் இந்தக் கதையை ஆளாளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். என் நாத்தனார் சொல்லும்போது வாளி ரெண்டாகிவிடும், அவளுடைய மகன் சொல்லும்போது நான் மேடைக்குத் தாவியே ஏறியிருப்பேன். மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. அதனால்தான் எழுதுகிறேன்.

கூச்சம் எனக்குப் பிறவியிலேயே உண்டு. ரேஷன் கடையில் என் முறை வந்த பிறகும், கடைக்காரரிடம் பேசுவதைத் தள்ளிப்போட, பின்னால் நிற்பவரை முன்னால் விட்டுவிடுவேன். பஸ்ஸில் "நிப்பாட்டுங்க" என்று சொல்லக் கூசிக்கொண்டு, எங்கள் ஊரான தாயில்பட்டிக்கு டிக்கெட் எடுத்து வெம்பக்கோட்டையில் இறங்கித் திரும்பி நடந்திருக்கிறேன். (ஒரு தடவை இல்லை, மூன்று தடவை.) இப்படிப்பட்டவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் பேச்சியம்மாள்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டேன். கல்யாணமான பிறகு பட்டாசுக் கம்பெனியில் முப்பத்தொரு வருசம் சரம் பின்னினேன். பேச்சுத் தேவைப்படாத வேலை. ஒரு அறைக்கு நாலு பேர், நாலு பக்கமும் கதவு, வெளியே ஒரு வேப்பமரம். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனால் சாயங்காலம்வரை கைதான் பேசும். எனக்காகவே கண்டுபிடித்த தொழில் மாதிரி இருந்தது.

இந்தக் கதை நடந்து ஒன்பது வருசம் ஆகிறது. என் மகன் கண்ணன் அப்போது சிவகாசியில் ஒரு அச்சாபீசில் கம்ப்யூட்டரில் படம் வடிவமைக்கிற வேலையில் இருந்தான். மதுரையில் ஒரு நாடகக் குழுவிலிருந்து கேலண்டர் ஆர்டர் வந்தது. பழைய நாடகக்காரர்கள், பாட்டுக்காரர்களின் படங்களை மாசத்துக்கு ஒன்றாகப் போட்டு ஒரு கேலண்டர். பிழை திருத்த அந்தக் குழுவிலிருந்து ஒரு பெண் வந்தாள். பேர் தேவிகா. கேலண்டர் அச்சடித்து, எல்லார் வீட்டுச் சுவரிலும் தொங்கி, சித்திரை மாசத்துத் தாளைக் கிழித்த பிறகும் இவன் போனில் அந்தப் பெண்ணோடு பிழை திருத்திக்கொண்டே இருந்தான். அப்போதே எனக்கு விசயம் புரிந்துவிட்டது. கேட்கத்தான் கூச்சம்.

ஒருநாள் அவனே சொன்னான். பெண் வீட்டில் அப்பாவும் அம்மாவும் சரியென்றுவிட்டார்கள். ஆனால் முடிவு அவர்கள் கையில் இல்லை, பெண்ணின் தாத்தா கையில். அவர் அழகுசுந்தரம், அந்தக் காலத்து ராஜபார்ட். ராஜா வேசம் கட்டுகிறவர்களை நாடகத்தில் அப்படித்தான் சொல்வார்கள். பன்னிரண்டு வயதில் நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். வீட்டிலும் ராஜாதான். அவர் தலையாட்டாமல் அங்கே சாம்பாருக்குப் பருப்பு வேகாதாம்.

அவர் சொல்லியனுப்பியது இது: "என் பேத்தி மதுரை நாடகமும் பாட்டும் வளர்ந்த கதையை ஒரு நிகழ்ச்சியா மேடையில போடுறா. நானும் பத்து வருசம் கழிச்சு வேசம் கட்டுறேன். எல்லாரும் வந்து பாருங்க. மேடைய மதிக்கத் தெரிஞ்ச வீடான்னு பாத்துட்டு முடிவு சொல்றேன்."

கண்ணன் என்னிடம் வந்து உட்கார்ந்தான்.

"எம்மா, நீ ஒண்ணுமே செய்ய வேண்டாம். ஆட்டம் முடிஞ்சதும் அவரைப் பார்த்து ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். நீ பேசாம நின்னா அவரு தப்பா நெனைச்சுக்கிடுவாரு. பழைய ஆளு."

"உங்க அத்தைய சொல்லச் சொல்லேன்."

"அத்தை ஒரு வார்த்தையோட நிறுத்தாதும்மா."

அது நியாயம். என் நாத்தனார் தங்கம் பேச ஆரம்பித்தால் எதிரில் உள்ளவர் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வரலாம்.

கண்ணனே ஒரு வசனம் எழுதிக் கொடுத்தான். "ஐயா, உங்க பாட்டைக் கேட்டதுல எங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோசம்." இவ்வளவுதான். இதை நான் எட்டு நாள் மனப்பாடம் செய்தேன். தண்ணீர்க் குடத்திடம் சொன்னேன், கோழியிடம் சொன்னேன், சரம் பின்னும்போது விரலுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்த்தேன். தங்கம் துண்டைத் தலையில் கிரீடமாகக் கட்டிக்கொண்டு ராஜபார்ட்டாக எதிரில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தாள்.

"சொல்லுங்க மதினி."

"ஐயா..."

"ம்."

"ஐயா..."

"விடிஞ்சிரும் மதினி. ராஜா தூங்கிருவாரு."

ஆறாவது நாள்தான் முழுசாக வந்தது. அதுவும் கண்ணை மூடிக்கொண்டு.

எங்கள் பக்கம் பெண் கேட்கப் போவதென்றால் வேன் பிடிப்பது வழக்கம். வேன் பிடித்தால் அதை நிரப்புவதும் வழக்கம். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தாயில்பட்டியிலிருந்து இருபத்திரண்டு பேர் கிளம்பினோம். கண்ணனையும் அவன் அப்பாவையும் தவிர எல்லாருமே பட்டாசுக் கம்பெனி ஆட்கள். சக்கரம் சுற்றுகிறவர்கள், திரி வெட்டுகிறவர்கள், என்னோடு சரம் பின்னுகிறவர்கள். என் வீட்டுக்காரர் மட்டும் பழைய அச்சாபீசில் எழுத்துக் கோர்த்தவர். மதுரை நாடக நோட்டீஸ் எல்லாம் ஒருகாலத்தில் சிவகாசியில்தான் அடிப்பார்களாம், ரோஸ் தாளிலும் பச்சைத் தாளிலும். அதனால் நாடகக்காரர்கள் பேர் அத்தனையும் அவருக்குத் தெரியும், ஒருத்தர் முகமும் தெரியாது. வேனில் வழியெல்லாம் அவர் பேச்சு இப்படித்தான் இருந்தது: "அழகுசுந்தரம்னா பேரு நீளமுல்லா. ஒத்த வரியில அடங்காது. 'ம்' மட்டும் கீழ தனியா உக்காந்துக்கிடும்."

மதுரையில் அரங்க வாசலில் இறங்கியதும் முதல் கோளாறு நடந்தது. உள்ளே போகும் கதவுக்கு வெளியே நாங்கள் இருபத்திரண்டு பேரும் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டோம். யாரும் சொல்லி விடவில்லை. கதவைக் கண்டால் கால் தானாகக் கழற்றிவிடும், அவ்வளவு வருசப் பழக்கம். டிக்கெட் கிழிக்கிறவர் செருப்பையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது கோயில் இல்லம்மா, போட்டுக்கிட்டே போகலாம்."

"இருக்கட்டுங்க" என்றாள் தங்கம். "எங்களுக்கு இதான் சவுரியம்."

உள்ளே எங்களுக்கு முன்வரிசையில் இடம் போட்டிருந்தார்கள். நான் வழக்கம்போலச் சுவரை ஒட்டின கடைசி நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். ஒரு பக்கம் சுவர் இருந்தால் பேச வேண்டிய ஆள் ஒன்று குறையும் அல்லவா? என் பக்கத்தில் மேடைக்கு ஏறும் நாலு படி. படிக்கு மேலே சுவரில் நாலு சிவப்பு வாளிகள் தொங்கின. ரெண்டு தண்ணீருக்கு, ரெண்டு மணலுக்கு.

எந்த இடத்துக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது கதவை, அடுத்தது வாளியை. எங்கள் கம்பெனியில் மணலைச் சலித்துத்தான் வாளியில் வைப்போம். இங்கே எட்டிப் பார்த்தேன். தண்ணீர் வாளி காய்ந்து கிடந்தது. மணல் வாளியில் வேர்க்கடலைத் தோல், ஐஸ்கிரீம் குச்சி, ஒரு சீப்பு, வெற்றிலை எச்சில். பெரிய ஊரில் இப்படியா என்று மனசுக்குள் ஒரு முணுமுணுப்பு. பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு வசனத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். வந்தது.

நிகழ்ச்சி ஆரம்பித்தது. தேவிகா மேடையின் ஓரத்தில் மைக் முன்னால் நின்று, ஒவ்வொரு காலமாகச் சொல்லச் சொல்ல, நடுவில் நடித்தும் பாடியும் காட்டினார்கள். முதலில் மைக் இல்லாத காலம். கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவன் காதுக்கும் எட்டும்படி பாடத் தெரிந்தவன்தான் ராஜபார்ட்டாம். எட்டாவிட்டால் எழுந்து சத்தம் போடுவார்களாம். ஆர்மோனியக்காரர் பாதி நாடகத்தைத் தன் கையிலேயே வைத்திருப்பாராம். நடிகருக்கு வசனம் மறந்தால் ஒரு ராகத்தை இழுத்துவிட்டு நேரம் கொடுப்பாராம். எனக்கு அவர் மேல் உடனே மரியாதை வந்துவிட்டது. அப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தால் நானும் ரேஷன் கடையில் பேசியிருப்பேன்.

அடுத்து குதிரை வண்டியில் மேளம் அடித்து நோட்டீஸ் வீசுகிற காட்சி. என் மடியில் ஒரு ரோஸ் நோட்டீஸ் வந்து விழுந்தது. என் வீட்டுக்காரர் எட்டி வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஆளைப் பார்க்காமல் எழுத்தைப் பார்த்தார். பிறகு கிராமபோன் வந்தது. பிறகு சினிமா வந்து நாடகக் கொட்டகையை எல்லாம் சினிமாக் கொட்டகையாக்கின கதை. பிறகு கல்யாண வீட்டில் குழாய் ஒலிபெருக்கி கட்டியது, கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழு, பாட்டுப் பேரைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கேசட்டில் பதிந்து கொடுக்கிற கடை. அந்தக் கடைக் காட்சி வந்தபோது கண்ணனின் அப்பா என் பக்கம் திரும்பி ஒரு மாதிரிச் சிரித்தார். கல்யாணமான புதுசில் எனக்கு அப்படி ஒரு கேசட் வாங்கி வந்திருந்தார். டேப் ரிக்கார்டர் வாங்கத்தான் நாலு வருசம் ஆனது.

இப்படி நான் சந்தோசமாக உட்கார்ந்திருந்தேன் என்பதை எழுதிவைக்க வேண்டும். யாரும் என்னிடம் பேசவில்லை. இருட்டு. நல்ல பாட்டு. வசனம் மறக்கவில்லை.

கடைசியாக, எல்லாம் தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போவோம் என்று சொல்லி, தேவிகா தாத்தாவின் காட்சியை அறிவித்தாள். அசுர ராஜா சபைக்கு வருகிறார். கம்பெனி நாடகத்தில் எப்படி வருவாரோ அதேபோல வருவாராம்.

அப்போது மேடையின் எங்கள் பக்க ஓரத்தில் ஒரு ஆள் குனிந்து, ஒரு தகரத் தட்டில் டப்பாவிலிருந்து எதையோ கொட்டினார். இருட்டில் மற்றவர்களுக்கு அது தெரிந்திருக்காது. எனக்குத் தெரிந்தது. கோலப்பொடி ஒரு மாதிரி விழும், மாவு ஒரு மாதிரி விழும். இது விழுந்த விதமே வேறு. வாசனையும் வந்தது. மருந்து. எங்கள் ஊரில் மருந்து என்றால் காய்ச்சலுக்குக் குடிப்பதில்லை, வெடிக்குள் போடுவது.

தட்டுக்கும் வெல்வெட் திரைக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

அந்த ஆளிடம் எழுந்து போய், "திரை பக்கத்துல இருக்குய்யா, கொஞ்சம் தள்ளி வையுங்க" என்று சொல்லியிருக்கலாம். நாலு படி ஏறினால் போதும். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். நான் என்ன செய்தேன் என்றால், சொல்லலாமா வேண்டாமா, சொன்னால் என்ன நினைப்பார், 'ஐயா' என்று தொடங்குவதா 'தம்பி' என்று தொடங்குவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். தம்பி என்று முடிவு செய்தபோது தட்டு வெடித்தது.

டமார் என்று ஒரு சத்தம், வெள்ளை வெளிச்சம், மேடை முழுக்கப் புகை.

"வெளிய!"

அந்தக் குரல் யாருடையது என்று நானும் ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். என்னுடையதுதான்.

எங்கள் ஊரில் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு யாரும் யோசிக்க மாட்டார்கள். என் வரிசையில் இருந்தவர்கள் ஒரே ஆளாக எழுந்தார்கள். பையை எடுக்கவில்லை, ஒருத்தரை ஒருத்தர் தள்ளவில்லை, தலையைக் குனிந்துகொண்டு கதவைப் பார்த்து ஓடினார்கள். வாசலில் இருந்த தங்கள் செருப்பைத் தாண்டியே ஓடினார்கள். அதைப் பார்த்த மதுரைக்காரர்கள், இது ஏதோ விவரம் தெரிந்தவர்களின் ஓட்டம் என்று நினைத்து, பாதி அரங்கம் பின்னாலேயே ஓடியது.

நானும் ஓடியிருக்க வேண்டும். ஆனால் வாளிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆள் வாளியை எடுக்க வேண்டும் என்பதும் பழக்கம். அந்த அவசரத்திலும் மணல் வாளியைத்தான் எடுத்தேன். இந்த மாதிரி மருந்தில் தண்ணீர் பட்டால் இன்னும் மோசம். (தண்ணீர் வாளி காலி என்பது வேறு விசயம்.) நாலு படியையும் எப்படி ஏறினேன் என்று தெரியவில்லை. புகைக்குள் தட்டு இருந்த திசையைப் பார்த்து வாளியை முழுசாகக் கவிழ்த்து வீசினேன்.

அதே நொடியில் அசுர ராஜா அந்தப் புகைக்குள்ளிருந்து, வாயை அகலத் திறந்து சிரித்துக்கொண்டு வந்தார்.

"ஹா... ஹா..."

மூன்றாவது 'ஹா' வரவில்லை. அது வரவேண்டிய இடத்தில் மணல் இருந்தது.

புகை விலகியது. திரை தீப்பிடிக்கவில்லை. தட்டு எப்போதோ அணைந்துவிட்டது. வெடித்தது ஒரு சிட்டிகைதான், எங்கள் ஊரில் தொட்டில் பிள்ளைகூடத் திரும்பிப் பார்க்காது. கிரீடத்தில் மணல், மீசையில் மணல், மார்புக் கவசத்தில் வேர்க்கடலைத் தோல், இடது தோளில் அந்தச் சீப்பு. இத்தனையோடும் என் வருங்காலச் சம்பந்தி வீட்டுப் பெரியவர் நின்றார். எதிரே நான், காலி வாளியோடு. என் முகத்துக்கு நேரே ஒரு மைக்.

மிச்சமிருந்த பாதி அரங்கம் மூச்சுவிடாமல் பார்த்தது. கண்ணன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சறுக்கிக் கீழே போய்க்கொண்டிருந்தான். பயந்து ஓடாத ஒரே உறவுக்காரன் அவன்தான். கால் வரவில்லையாம்.

ஏதாவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. 'மன்னிச்சுக்கிடுங்க' என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எட்டு நாளாக என் வாயில் இருந்தது ஒரே ஒரு வசனம். அது தானாக, மைக்கில், ஒரு எழுத்து விடாமல், கண்ணைத் திறந்தபடியே வந்தது.

"ஐயா, உங்க பாட்டைக் கேட்டதுல எங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோசம்."

அவர் அதுவரை ஒரு பாட்டும் பாடியிருக்கவில்லை.

அரங்கத்தில் கிளம்பிய சிரிப்பில் மேலே தொங்கிய கிழட்டு மின்விசிறிகள்கூட ஆடின. பெரியவர் சிரிக்கவில்லை. வாயிலிருந்த மணலை மெதுவாக ஒரு பக்கமாகத் துப்பினார். ஆர்மோனியக்காரரைப் பார்த்தார். அந்த மகராசன் ஒரு ராகத்தை இழுத்து நேரம் கொடுத்தார். பெரியவர் கதாயுதத்தைத் தோளில் சாத்திக்கொண்டு, கடைசி வரிசைக்கும் எட்டுகிற குரலில் கேட்டார்.

"தேவர்கள் பூமாரி பொழிவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எம்மீது மண்மாரி பொழிந்த மங்கையே, நீ எந்த நாட்டைச் சேர்ந்தவள்?"

அவர் நடிப்பதாக எனக்குப் புரியவில்லை. பெரியவர் கேட்கிறார், பதில் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது.

"தாயில்பட்டிங்கய்யா."

மறுபடியும் சிரிப்பு. அவர் கையை உயர்த்தினார், அடங்கியது.

"தாயில்பட்டி அரசியே, வாளியோடு எம் சபைக்கு வந்த காரியம் யாதோ?"

நானும் ஒளிக்காமல் சொல்லிவிட்டேன்.

"பொண்ணு கேட்டு வந்தோம்யா."

ஓரத்து மைக்கில் நின்ற தேவிகா கையிலிருந்த தாள்கள் அத்தனையும் கீழே சிந்தின. அவள் அவற்றைப் பொறுக்கக் குனிந்து, நிமிரவே இல்லை.

இதே நேரம் வெளியே என்ன நடந்தது என்பதை எனக்குப் பிறகுதான் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் ஐஸ்கிரீம் வண்டிப் பக்கம் கூடி, கம்பெனி வழக்கப்படி தலை எண்ணியிருக்கிறார்கள். கண்ணனை ஜன்னல் வழியே பார்த்துவிட்டார்கள். அவனைச் சேர்த்தும் இருபத்தொன்றுதான்.

"ஒரு ஆளு கொறையுதே. யாரு?"

"மதினியக் காணோம்" என்றாள் தங்கம்.

"அப்ப சத்தம் போட்டது அவுகதானா?"

"சே, மதினி சத்தம் போட மாட்டாக. அது வேற யாரோ."

என் வீட்டுக்காரரும், "முப்பத்திநாலு வருசமா கூட இருக்கேன். அந்தக் குரலை நான் கேட்டதே இல்ல" என்று சாட்சி சொல்லியிருக்கிறார். அப்போதுதான் வாசலில் கட்டியிருந்த ஒலிபெருக்கியில் கேட்டிருக்கிறது, "பொண்ணு கேட்டு வந்தோம்யா." தங்கம் வாயைப் பொத்திக்கொண்டு ஐஸ்கிரீம் வண்டியிலேயே சாய்ந்துவிட்டாளாம். அவளுக்குப் பேச்சு நின்றதாக எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நினைவிருப்பது அந்த ஒரு தடவைதான்.

மேடையில் அசுர ராஜா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மணல் வாளியோடு பெண் கேட்டு வந்தவர்கள் அசுர குலத்திலேயே நீங்கள்தான் முதல். ஆலோசித்துச் சொல்கிறோம். யாரங்கே, திரையை இறக்கு!"

திரை இறங்கியது. கைதட்டல் நிற்க வெகுநேரம் ஆனது. ஆனால் திரைக்கு உள்பக்கம் கைதட்டல் இல்லை. அவர் நேராக ஒப்பனை அறைக்குப் போய்விட்டார்.

ஒப்பனை அறை வாசலில் நாங்கள் நின்றோம். உள்ளே அவர் வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது. ஒரு தடவை, ரெண்டு தடவை, ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் கண்ணன் முகம் இன்னும் கொஞ்சம் சுருங்கியது.

"எம்மா, ஒரே ஒரு வார்த்தைதானம்மா கேட்டேன்."

"சொல்லிட்டேனே" என்றேன்.

அவன் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டான். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. பிள்ளை எட்டு மாசமாகப் போனில் கட்டிய கோட்டையை ஒரு வாளியில் மூடிவிட்டேன்.

கூப்பிட்டார்கள். உள்ளே போனோம். கிரீடத்தைக் கழற்றி மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். கிரீடம் இல்லாமல் அவர் தலை சின்னதாக, நரைத்து, ஈரமாக இருந்தது.

"ஏம்மா அப்படிச் செஞ்சீங்க? கோவத்துல கேக்கல. தெரிஞ்சுக்கக் கேக்குறேன்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டே ஆரம்பித்தேன். தட்டு எங்கே இருந்தது, திரை எவ்வளவு பக்கத்தில் இருந்தது, அந்த மருந்து எப்படிப் பிடிக்கும், ஈரம் பட்டால் என்ன ஆகும், டப்பாவை மூடாமல் பக்கத்திலேயே வைத்தது ஏன் தப்பு. தொழில் விசயம் என்பதால் வாய் நிற்கவில்லை. என் வாழ்நாளில் அவ்வளவு நீளமாக நான் பேசியதில்லை. மருந்து கொட்டிய ஆள் மூலையில் நின்று தலையைச் சொரிந்தார். என் வீட்டுக்காரர் என்னை, பஸ்ஸில் பக்கத்து சீட்டில் புதிதாக வந்து உட்கார்ந்தவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

பெரியவர் கேட்டு முடித்தார்.

"அது சரி. ஆனா உங்க ஆளுங்க, நீங்க ஒரு சொல்லு சொன்னதும் எதுக்கு என்னன்னு கேக்காம எந்திரிச்சு ஓடுனாங்களே?"

இதற்கு என் வீட்டுக்காரர்தான் பதில் சொன்னார். "எங்க ஊர்ல அந்தச் சொல்லுக்கு ஏன்னு கேக்க மாட்டாகய்யா. கேட்டவுக யாரும் இப்ப உசுரோட இல்ல."

பெரியவர் கிரீடத்தைக் கீழே வைத்தார்.

"மேடை ஏறுன நாள்லேருந்து இந்த வெடிய வெடிச்சுக்கிட்டுத்தான் மேடைக்கு வர்றேன். சனங்க கைதட்டும், விசிலடிக்கும். அசுரன் வந்துட்டான்னு நெசமாவே பயந்தது இன்னைக்குத்தான். ஒரு ராஜபார்ட்டுக்கு இதவிட என்னம்மா வேணும்?" என்றார். பிறகு என் வீட்டுக்காரர் கையிலிருந்த ரோஸ் நோட்டீசைப் பார்த்து, "அதென்ன, பத்திரமா வச்சிருக்கீங்க?" என்று கேட்டார்.

"உங்க பேர நான் கோர்த்திருக்கேன்யா, அந்தக் காலத்துல. 'ம்' கீழ போயிரும்."

"அது நீங்கதானா! அந்த 'ம்'முக்காக நான் முதலாளிகிட்டச் சண்டை போட்டிருக்கேன்." முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்ததும் பல்லிடுக்கிலிருந்து எதையோ எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். "வேர்க்கடலை. சரி, தாம்பூலத்த மாத்திக்கலாம். வாய் ஒரு மாதிரியா இருக்கு, எனக்கு முதல்ல ஒரு வெத்தலையக் குடுங்க."

அந்த ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டுச் சீர்வரிசையில் பித்தளைக் குடத்துக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் ஒரு சிவப்பு வாளி வந்தது. சந்தனம் குங்குமம் வைத்து, கழுத்தில் மல்லிகைச் சரம் சுற்றி, உள்ளே சலித்த மணல். பெரியவரே அதைத் தலையில் வைத்துச் சுமந்து வந்தார். மண்டபமே எழுந்து நின்று பார்த்தது. நான் தங்கத்தின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

அந்த வாளி இப்போதும் எங்கள் வீட்டு வாசலில் இருக்கிறது. அந்த வசனமோ, வீட்டில் யார் எதைக் கெடுத்தாலும் வந்துவிடும். கண்ணன் புதுச் சட்டையில் மையைக் கொட்டினால் தேவிகா சொல்வாள், "ஐயா, உங்க பாட்டைக் கேட்டதுல எங்க எல்லாருக்கும் ரொம்ப சந்தோசம்." என் பேத்திக்கு ஏழு வயது. போன வாரம் வந்திருந்த டீச்சர் மடியில் ரசத்தைக் கவிழ்த்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அதே வசனத்தைச் சொல்லியிருக்கிறாள். டீச்சருக்கு ஒன்றும் புரியவில்லை. விளக்கம் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். நான் கொல்லைப்பக்கம் போய்விட்டேன்.

பெரியவர் இப்போதும் வருசத்துக்கு ஒரு தடவை வேசம் கட்டுகிறார். தட்டைத் திரையிலிருந்து நாலு முழம் தள்ளி வைக்கிறார்கள். வெடி வைக்கும் முன்னால் திரைக்கு வெளியே தலையை மட்டும் நீட்டி, "சபையில தாயில்பட்டிக்காரங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பார். அரங்கமே திரும்பிப் பார்க்கும். எங்கள் ஆட்கள் எல்லாரும் கையைத் தூக்குவார்கள், தங்கம் ரெண்டு கையையும் தூக்குவாள்.

நான் தூக்குவதில்லை, கூச்சம். சுவரோரத்து நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். வாளியில் மணல் சுத்தமாக இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்து வைத்திருப்பேன்.